பி.ஏ. முடித்த பின் சட்டமா, மருத்துவமா?

(சுவா சூ காங்கில் பெற்றோருக்கும் மாணவருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வரும் வாரத்தில் இந்த வட்டாரத்தின் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான். பிள்ளை தொடக்கக் கல்லூரியிலிருந்து மதிப்பெண் தாளோடு வருகிறது. மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் வேண்டிய புள்ளிகள் இல்லை. சிலருக்குப் புள்ளிகள் இருந்தும் நேர்காணலில் இடம் கிடைப்பதில்லை. இன்னும் சில பிள்ளைகளுக்கு உண்மையாகவே வரலாற்றிலோ இலக்கியத்திலோ சமூகவியலிலோதான் மனம் போகிறது. எதுவானாலும், "கலைத்துறையில் சேரப்போகிறேன்" என்று பிள்ளை சொன்னதும் உறவினர்கள் துக்கம் விசாரிப்பதுபோல் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். அந்த வீடுகளுக்காகவே இன்று பேச வந்தேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதில் கிடைக்காத சட்டப் படிப்பும் மருத்துவப் படிப்பும், கலைப் பட்டம் பெற்ற பிறகு இதே சிங்கப்பூரில் கிடைக்கக்கூடியவை. வழி குறுகலானது, செலவும் உண்டு. ஆனால் வழி இருக்கிறது. அந்த வழியில் நன்றாக நடப்பவர்கள் தங்கள் கலைப் படிப்பை ஒழுங்காகப் படித்தவர்கள். மூன்று நான்கு ஆண்டுகளை வேண்டாவெறுப்பாகத் தள்ளிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்கு அது கைகொடுப்பதில்லை.

நம்மவர்களுக்கு இது புதிய பாதையும் அல்ல. நூறாண்டுக்கு முன் தமிழ்நாட்டில் ஒரு வழக்கறிஞர் வீட்டு வாசலில் என்ன எழுதியிருக்கும்? பி.ஏ., பி.எல். என்றிருக்கும். முதலில் கலைப் பட்டம், பிறகு சட்டப் பட்டம். பட்டம் இல்லாமல் அப்போது பி.எல். படிக்க முடியாது. ரசிகமணி டி.கே.சி. அப்படிப் படித்தவர். பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை அப்படிப் படித்து, திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வழக்காடி, பிறகு 1926இல் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியின் பதிப்பாசிரியர் ஆனவர்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். பி.எல். பட்டத்தை அவர் வாங்கியது 1871இல், நாற்பதை நெருங்கும் வயதில். கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருந்தார், புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். அதே ஆண்டுகளில் ஏடு ஏடாகத் தேடி, 1887இல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தார். ஒரு வரிக்கு நான்கு ஏடுகளில் நான்கு பாடம் இருக்கும். எந்த ஏடு நம்பத்தக்கது, எழுதியவன் எங்கே கை தவறியிருப்பான், எந்தப் பாடம் பொருளோடு ஒட்டுகிறது என்று எடைபோட வேண்டும். நீதிமன்றத்தில் சாட்சிகளை எடைபோடுவதும் அதே வேலைதான். தாமோதரம் பிள்ளையிடம் தமிழும் சட்டமும் இரண்டு அலமாரிகளில் கிடந்தன என்று என்னால் நம்ப முடியவில்லை. ஒன்று மற்றொன்றைக் கூர்மையாக்கியது என்றே நம்புகிறேன்.

மருத்துவத்திலும் அப்படி ஒரு காலம் இருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் எஃப்.ஏ. என்ற கலைத்தேர்வைப் படித்து முடித்துத்தான் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912இல் மருத்துவரானார். பின்னாளில் சட்டமன்றத்தில் பெண்களுக்காகப் பேசிய குரலும், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுப்பிய கையும் ஒருவருடையவைதாம்.

இன்றைய இந்தியாவில் நிலைமை வேறு. ஏதேனும் ஒரு பட்டம் முடித்து மூன்றாண்டுச் சட்டம் படிக்கும் வழி அங்கே இன்னமும் உண்டு. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி 1988இல் முதல் அணியைச் சேர்த்த பிறகு, பள்ளி முடித்ததும் நேரே ஐந்தாண்டுச் சட்டம் என்ற முறையும் பரவிவிட்டது. மருத்துவத்தில் மட்டும் வழி அடைபட்டிருக்கிறது. பிளஸ் டூ நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் தேறாமல் நீட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வை எழுத முடியாது. சிங்கப்பூரில் இரண்டுக்கும் வழி இருக்கிறது. அந்த அளவில் நம் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம்.

இங்கே சட்டக் கல்வி 1957இல் அன்றைய மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இன்று மூன்று பல்கலைக்கழகங்கள் கற்பிக்கின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பள்ளி முடித்து வருபவர் நான்கு ஆண்டு படிப்பதை, வேறு துறைப் பட்டதாரி மூன்று ஆண்டில் படிக்கலாம். 2007இல் சட்டக் கல்லூரி தொடங்கிய சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம், 2009 முதல் பட்டதாரிகளுக்கென்றே ஜே.டி. என்ற படிப்பை நடத்துகிறது. மூன்றாவது, கிளமெண்டி சாலையில் உள்ள சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம். 2017 ஜனவரியில் அங்கே சட்டக் கல்லூரி திறந்தார்கள். பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தங்களை எழுத இங்கு ஆட்களுக்குப் பஞ்சமில்லை. குற்ற வழக்குகளுக்கும் மணவிலக்கு, ஜீவனாம்சம், குழந்தைப் பராமரிப்பு போன்ற குடும்ப வழக்குகளுக்கும்தான் வழக்கறிஞர்கள் போதவில்லை. அந்தக் குறையை நிரப்பவே இந்தக் கல்லூரி வந்தது. வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகவும் படிக்கலாம். வாழ்க்கை அனுபவம் உள்ளவர்களை, சமூக ஊழியர்களை, காவல் துறையில் இருந்தவர்களை அது விரும்பி அழைக்கிறது.

நம் சமூகம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் இருக்கிறது. தமிழில் பி.ஏ. படிக்கும் வாய்ப்பைத் தருவதும் அதே பல்கலைக்கழகம்தான். தமிழ் படித்துவிட்டு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் ஒருவர் நாள்தோறும் சட்டத்தின் நடுவில்தான் நிற்கிறார். ஒருநாள் அவரே வழக்கறிஞர் மேசைக்கு நகர்ந்தால் என்ன?

அந்தச் சட்டக் கல்லூரியில் சேர எல்நாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தேர்வின் அமைப்பைக் கொஞ்சம் பாருங்கள். பன்னிரண்டு உரைநடைப் பகுதிகள் கொடுப்பார்கள். அவற்றிலிருந்து 42 கேள்விகள், 95 நிமிடம். பிறகு 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை. சட்டம் பற்றி ஒரு வரி தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுதியவர் எதை வெளிப்படையாகச் சொல்கிறார், எதைச் சொல்லாமலே நம்மை ஒப்புக்கொள்ள வைக்கிறார், அவருடைய வாதத்தில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாண்டு இலக்கியமோ வரலாறோ ஊன்றிப் படித்த பிள்ளை வாரம் தவறாமல் செய்துவந்த வேலை இது.

கலைப் படிப்பின் பயன் தேர்வோடு முடிவதில்லை. 2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவை இங்குள்ள யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹாம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்து உழைத்த ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். ஏறத்தாழ 90 சாட்சிகளை விசாரித்து, 2014 ஜூனில் அறிக்கை தந்தது அந்தக் குழு. உதவிக்கு வந்த அதிகாரிகள் பேருந்து ஓட்டுநரையும் நேரக் கண்காணிப்பாளரையும் காப்பாற்றத்தான் வந்தார்கள், அடியில் சிக்கியவரைக் கவனிக்கவில்லை என்று கூட்டம் தவறாக நினைத்தது. மது அந்தக் கோபத்தைக் கூட்டியது. குழு சொன்ன காரணங்களில் முக்கியமானவை இவை.

அப்படி ஒரு விசாரணையை நடத்தச் சட்டப் புத்தகம் மட்டும் போதுமா? ஒரு கூட்டம் எதை ஏன் நம்புகிறது, ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தத் தெரு அந்த மனிதர்களுக்கு என்னவாக இருந்தது, ஒரே சம்பவத்தை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்லும்போது ஒவ்வொருவரும் எங்கே நின்றுகொண்டிருந்தார்கள் என்றெல்லாம் கேட்கத் தெரிய வேண்டும். சமூகவியல் மாணவர் முதலாண்டிலேயே கேட்கப் பழகும் கேள்விகள் இவை. சட்டம் படிப்பதற்கு முன்பே இந்தக் கேள்விகளோடு வரும் ஒருவரை நான் பெரிதும் மதிப்பேன்.

பட்டம் வாங்கியவுடன் கறுப்பு அங்கி கிடைத்துவிடாது. சிங்கப்பூர் சட்டக் கல்விக் கழகம் நடத்தும் பகுதி 'பி' தேர்வில் தேற வேண்டும். பிறகு ஒரு சட்ட நிறுவனத்தில் பயிற்சி பெற வேண்டும். முன்பு ஆறு மாதமாக இருந்த அந்தப் பயிற்சிக் காலத்தை 2024 முதல் ஓராண்டாக்கியிருக்கிறார்கள். கணக்குப் போடும்போது பெற்றோர் இதை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து மருத்துவம். இதை இன்னும் கவனமாகச் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் 1905இலிருந்தே மருத்துவக் கல்வி உண்டு. ஆனால் பட்டதாரிகளுக்கென்றே ஒரு மருத்துவக் கல்லூரி வந்தது அதற்கு நூறாண்டுக்குப் பிறகுதான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமும் நம் தேசியப் பல்கலைக்கழகமும் 2005இல் கைகோத்து டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கின. 2007இல் 26 பேருடன் முதல் அணி சேர்ந்தது. ஊட்ரமில், சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நான்காண்டுப் படிப்பு. எந்தத் துறைப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். எம்கேட் அல்லது கேம்சாட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

இந்த இரண்டு தேர்வுகளின் பெயரைக் கேட்டதும் கலைத்துறைப் பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கேம்சாட்டில் மூன்று பகுதிகள். ஒன்று, மானுடப் புலங்களும் சமூக அறிவியலும் சார்ந்த பகுதிகளைப் படித்து ஆராய்வது. இரண்டு, கட்டுரை. மூன்றாவதுதான் இயற்பியல், வேதியியல், உயிரியல். எம்கேட்டில் நான்கு பகுதிகள். அவற்றில் ஒன்று முழுக்க வாசிப்புத் திறன், 90 நிமிடத்தில் 53 கேள்விகள். அதன் பகுதிகள் தத்துவம், கலை, வரலாறு, சமூகம் ஆகியவற்றிலிருந்து வருபவை. இன்னொன்று உளவியலும் சமூகவியலும் கலந்தது. அறிவியல் பட்டதாரிகள் சிலர் வாசிப்புப் பகுதியில் தடுமாறுவதுண்டு.

மறைக்காமல் மறுபக்கத்தையும் சொல்கிறேன். மீதியெல்லாம் வேதியியலும் உயிரியலும் இயற்பியலும்தான். பள்ளியோடு அவற்றை விட்டுவிட்ட ஒருவர் மறுபடி அடியிலிருந்து படிக்க வேண்டும். அமிலம், காரம், நொதி, இதயத்தின் நான்கு அறைகள், மின்னோட்டம் எல்லாவற்றையும் வேலைக்குப் போய்க்கொண்டே இரவில் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒரு விடுமுறையில் ஆகிற காரியம் இல்லை. டியூக்-என்யுஎஸ்ஸில் சேருபவர்களில் பெரும்பாலோர் அறிவியல், பொறியியல் பட்டதாரிகள். கலைத்துறையிலிருந்து போகிறவர் சிறுபான்மையாகத்தான் இருப்பார். அது தெரிந்து போக வேண்டும்.

சேர்ந்த பிறகு வகுப்பு எப்படி நடக்கிறது? விரிவுரையாளர் பேச, நூறு பேர் குறிப்பெடுப்பது அங்கே வழக்கமில்லை. பாடத்தை வீட்டிலேயே படித்துவிட்டு வர வேண்டும். வகுப்புக்கு வந்ததும் தனித்தனியே ஒரு சிறு தேர்வு. அது முடிந்ததும் ஆறேழு பேர் குழுவாக உட்கார்ந்து அதே கேள்விகளுக்கு மறுபடி விடையளிக்க வேண்டும். இப்போது வாய்விட்டு வாதாடலாம். ஒருவர் 'ஆ' என்பார், இன்னொருவர் 'இ' என்பார். எதனால் என்று சொல்லி மற்றவர்களை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். குழு ஒரே விடைக்கு வந்தாக வேண்டும். பிறகுதான் பேராசிரியர் வருகிறார். உண்மையான நோயாளி ஒருவரின் நிலையைக் கொடுத்து, இப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார். முதலாண்டு அடிப்படை அறிவியல், இரண்டாமாண்டே மருத்துவமனை வார்டு, மூன்றாமாண்டு ஆய்வு. கருத்தரங்க மேசையில் வாதாடிப் பழகிய கலைத்துறை மாணவருக்கு அந்தக் குழு மேசை அந்நியமாக இருக்காது.

"அறிவியல் பின்னணி இல்லாதவர் நல்ல மருத்துவராக முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரி 1987இலிருந்து இலக்கியம், வரலாறு, தத்துவம் படிக்கும் மாணவர்களைத் தனித் திட்டத்தின்கீழ் சேர்த்துவந்தது. மற்றவர்களுக்குக் கட்டாயமான கரிம வேதியியலும் இயற்பியலும் கணிதமும் இவர்களுக்குக் கட்டாயமில்லை, எம்கேட்டும் வேண்டாம். அவர்கள் எப்படித் தேறினார்கள் என்று அந்தக் கல்லூரியே ஆராய்ந்து 2010இல் வெளியிட்டது. மொத்தத்தில் மற்றவர்களுக்குச் சமமாகவே படித்திருந்தார்கள்.

நம் சுவா சூ காங் பலதுறை மருந்தகத்துக்கு நீரிழிவோடு வரும் ஓர் அறுபத்தைந்து வயது அம்மாவை நினைத்துப் பாருங்கள். சர்க்கரை அளவு கட்டுக்குள் வரவில்லை. "மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டால், "சாப்பிடுறேன் டாக்டர்" என்றுதான் சொல்வார். பொய் இல்லை. ஆனால் தைப்பூசத்துக்கு விரதம் இருக்கும் நாள்களில் வெறும் வயிற்றில் மாத்திரை வேண்டாமென்று அவரே நிறுத்திவிடுகிறார். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். அதைக் கேட்க வேண்டுமென்று மருத்துவருக்குத் தோன்ற வேண்டும். கேட்கும் விதமும் தெரிய வேண்டும், இல்லையென்றால் அந்த அம்மா திட்டு விழுமோ என்று மறைத்துவிடுவார். ஒரு வீட்டின் ஒரு நாள் எப்படி நகர்கிறது என்று அறியும் ஆர்வம் உள்ளவருக்கு அந்தக் கேள்வி தோன்றும். பரிசோதனைக்கூட அறிக்கையில் அது வராது.

பணத்துக்கும் காலத்துக்கும் வருகிறேன். முதல் பட்டத்துக்கு அரசாங்க மானியம் பெற்றவருக்கு, இரண்டாவது இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக அந்த மானியம் கிடையாது. முழுக் கட்டணம் என்றால் தொகை பெரிது. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் படிப்புக்கு மானியம் உண்டு, பதிலுக்குப் பொது மருத்துவமனைகளில் சில ஆண்டு பணியாற்ற ஒப்பந்தம் போட வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் நேரில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு முடிவெடுங்கள். உறவினர் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள். வயதுக் கணக்கு இது: தேசிய சேவை முடித்த பையன் நான்காண்டுக் கலைப் பட்டம் வாங்கும்போது இருபத்து நான்கு, இருபத்தைந்து ஆகியிருக்கும். மருத்துவம் முடிக்கையில் முப்பதை நெருங்குவான். அதன் பிறகுதான் பயிற்சி மருத்துவர் ஆண்டு, நிபுணத்துவப் பயிற்சி எல்லாம். பெண்ணுக்கு இரண்டாண்டு குறையும். நாற்பது ஆண்டு செய்யப்போகிற வேலைக்கு இந்தத் தாமதம் அதிகமில்லை என்பது என் தீர்மானமான எண்ணம். கல்யாணப் பேச்சை மட்டும் அதற்காக அவசரப்படுத்தாதீர்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று நினைக்கும் பெற்றோருக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. எந்த ஊர்ப் பட்டமும் இங்கே செல்லும் என்பது தவறு. சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளின் பட்டியல் 2020 ஜனவரியில் 160லிருந்து 103ஆகக் குறைந்தது. பிறகு சில சேர்க்கப்பட்டன. வழக்கறிஞர் தொழிலுக்கு ஏற்கும் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களையும் 19லிருந்து 11ஆகக் குறைத்தார்கள். லண்டன் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிச் சட்டப் பட்டம் அறிவைத் தரும், ஆனால் அதை வைத்து இங்கே வழக்காட முடியாது. முன்பணம் கட்டுவதற்கு முன் அன்றைய பட்டியலைப் பாருங்கள். வீட்டை அடகு வைத்த பிறகு பார்ப்பதில் பயனில்லை.

கடைசியாக ஒன்று, இது பிள்ளைகளுக்கு. எதற்காகப் போகிறீர்கள்? மாமா வீட்டுப் பிள்ளை டாக்டர் என்பதற்காகவா? அந்தக் காரணம் முதல் இரவுப் பணியைத் தாங்காது. இளம் வழக்கறிஞர்கள் களைத்துப்போய்த் தொழிலை விட்டு விலகுவதைப் பற்றித் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் வெளிப்படையாகவே பேசிவருகிறார். நோயாளியின் மேல், கட்சிக்காரரின் மேல் அக்கறை இல்லாமல் இந்த இரண்டு தொழில்களிலும் நிற்க முடியாது. திரும்பி வருவதிலும் இழிவில்லை. வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ். ராஜரத்தினம் 1930களில் சட்டம் படிக்கத்தான் லண்டன் போனார். அதை முடிக்காமல் எழுத்துக்கு வந்தார். 1965இல் அவரே இந்த நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர் ஆனார்.

உங்களுக்கு அக்கறை இருக்கிறதா என்பதைச் செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாம். புக்கிட் பாஞ்சாங்கில் டவுன்டவுன் தடத்தில் ஏறுங்கள். லிட்டில் இந்தியாவைத் தாண்டிச் சைனாடவுனில் இறங்கினால் ஹேவ்லாக் சதுக்கத்தில் அரசு நீதிமன்றங்கள். பொது விசாரணைகளில் யாரும் போய் உட்காரலாம். ஒரு வேலை நாள் முழுவதும் உட்காருங்கள். யார் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார், அவருக்காக யார் பேசுகிறார், யாருக்காகப் பேச ஆளே இல்லை என்று பாருங்கள். அங்கிருந்து வடகிழக்குத் தடத்தில் அடுத்த நிலையம் ஊட்ரம் பார்க். மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் தொண்டூழியம் செய்ய எப்போதும் ஆள் தேவை. ஆறு மாதம் வாராவாரம் செய்யுங்கள். அதன் பிறகும் போக வேண்டும் என்று தோன்றினால் விண்ணப்பியுங்கள், முதல் முறை கிடைக்காவிட்டால் மறுபடியும் விண்ணப்பியுங்கள்.

பெற்றோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் மகளோ மகனோ கலைத்துறையில் சேர்ந்தால், முதல் நாளே "இதற்கப்புறம் என்ன?" என்று கேட்காதீர்கள். என்ன படிக்கிறாய் என்று கேளுங்கள், அவர்கள் சொல்வதை உட்கார்ந்து கேளுங்கள். அந்தப் பட்டத்தை அவர்கள் மனநிறைவோடு முடிக்கட்டும். சட்டமோ மருத்துவமோ வேண்டுமென்று அவர்களாகவே வந்து நின்றால், அப்போது பணத்துக்கும் தைரியத்துக்கும் நீங்கள் பக்கத்தில் இருங்கள்.